பையருக்காக நாம் மாற வேண்டுமா? தோல், ஷூ தொழிலில் நான்கு வழிகள்

ஏஜென்ட் மூலமாகவே ஆர்டர் பார்த்துப் பழகியவருக்கு ஒரு நாள் பையரிடமிருந்தே, அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரரிடமிருந்தே, நேராக மெயில் வருகிறது: அடுத்த மாதம் இந்தியா வருகிறோம், உங்கள் ஃபாக்டரியைப் பார்க்க வேண்டும். சந்தோஷம் ஒரு மணி நேரம் இருக்கும். அப்புறம் கவலை. அவர்களிடம் எப்படிப் பேசுவது, எதைப் பேசக் கூடாது, நம் ஆட்கள் அவர்கள் முன்னால் எப்படி நடந்துகொள்வார்கள்? ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். கேட்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறார்கள். அவர்கள் மாதிரியே மாறிவிடுவதா, நாம் நாமாகவே இருப்பதா, நடுவில் ஒரு ஆளை வைத்துக்கொள்வதா, இல்லை சிலதில் மட்டும் மாறுவதா?

நம் தாத்தா காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அப்போது வட ஆற்காட்டிலிருந்து போனது ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல். தரம் பிரித்து, மூட்டை கட்டி, ஏஜென்ட் கையில் கொடுத்தால் வேலை முடிந்தது. 1970-களில் பாதி பதப்படுத்திய தோலை ஏற்றுமதி செய்ய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்கப்புறம்தான் முழுசாக முடித்த தோல், ஷூவின் மேல்பாகமான அப்பர், ஷூ என்று வரிசையாக வந்தன. மூட்டையாகப் போனவரை பையரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஷூவாகப் போக ஆரம்பித்ததும் அவர் வந்து லைனுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பையருக்கும் ஃபாக்டரிக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இந்த வட்டாரத்தில் இருந்தவன் என்ற முறையில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை குலுக்குவது, விசிட்டிங் கார்டை இரண்டு கையால் கொடுப்பது, ஃபோர்க் பிடிப்பது, இதற்கெல்லாம் பயிற்சி வகுப்பு நடக்கிறது. இதில் தவறியதால் ஆர்டர் போனதாக நான் பார்த்ததில்லை. ஆர்டர் போவதெல்லாம் கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்ட இடத்தில்தான். கீழே வரும் ஒப்பீடு முழுக்க அந்தக் கண்ணோடு எழுதியது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி: புரிதல் பிசகினால் பணம் யார் பையிலிருந்து போகும்? ஷூ ஏற்றுமதியில் பெரும்பாலும் நம் பையிலிருந்துதான். குளிர்காலச் சரக்கு ஐரோப்பியக் கடைகளுக்குக் கோடை முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்ததில், பயணத்தில் பத்து நாளுக்கு மேல் கூடியது. சரக்கு தாமதம் என்று மூன்று வாரம் முன்னால் சொன்னால் பையர் பாதியை முன்னால் அனுப்பச் சொல்லலாம், கடை தேதியை நகர்த்தலாம். கப்பல் ஏற வேண்டிய அன்றைக்குச் சொன்னால் ஏர் ஃபிரைட்தான், அதுவும் நம் செலவில். ஒரு ஜோடி ஷூ பெட்டியோடு ஒரு கிலோ என்று வைத்தால் 5,000 ஜோடிக்கு 5 டன். விமானத்தில் போகும் 5 டன் அந்த ஆர்டரின் லாபத்தை மட்டும் தின்னாது, அடுத்த ஆர்டரின் லாபத்தையும் சேர்த்துத் தின்னும்.

இரண்டாவது, உங்களோடு எத்தனை பேர் மாற வேண்டும்? முதலாளி ஒருவர் மாறுவது சுலபம். கட்டிங் சூப்பர்வைசர், ஸ்டோர்ஸ் கீப்பர், ஷிப்பிங் பையன் எல்லோரும் மாற வேண்டும் என்றால் அது வேறு வேலை.

மூன்றாவது, எவ்வளவு நாள் தாங்கும்? இரண்டு நாள் விசிட்டுக்கு யாரும் எப்படியும் நடித்துவிடலாம். மூன்று சீசன் தொடர்ந்து நடிக்க முடியாது.

நான்காவதுதான் எனக்கு முக்கியம்: இந்த வழியில் போனால் கெட்ட செய்தி பையர் காதுக்கு எவ்வளவு சீக்கிரம் போகும்? மற்ற மூன்றுக்கும் ஒரு மார்க் என்றால் இதற்கு இரண்டு மார்க் போடுகிறேன். கைக்காசு செலவைத் தனியாகக் கணக்கில் எடுக்கவில்லை, அந்தந்த வழியில் வரும்போது சொல்கிறேன்.

## வழி 1: அவர்கள் மாதிரியே மாறிவிடுவது

ஒரு காட்சி. ஜப்பானிய இன்ஸ்பெக்டர் மேஜையிலிருந்து ஒரு ஷூவை எடுக்கிறார். தையல் ஓரமாக விரலை ஓட்டுகிறார். ஷூவின் நாக்கை வெளியே இழுத்துப் பார்க்கிறார், உள்ளே கை விட்டு லைனிங்கைத் தடவுகிறார், ஜோடியின் இரண்டு மூக்கையும் சேர்த்து வைத்துக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறார். கீழே வைக்கிறார். பேச்சே இல்லை. அரை நிமிஷம், ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். நம் முதலாளிக்கு வியர்க்கிறது. "சார், ரேட்ல வேணும்னா கொஞ்சம் பார்த்துக்கலாம்" என்று வாய் தானாகத் திறக்கிறது. இன்ஸ்பெக்டர் ரேட்டைப் பற்றி நினைக்கவே இல்லை. இடது மூக்கு வலதைவிட ஒரு மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமலே ஜோடிக்கு 50 சென்ட் போய்விட்டது.

அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டால், அதுவே முதல் வழியின் லாபம். பையரின் நடையை நாமும் பழகிவிட்டால் அவர் செய்வதைத் தப்பாக எடுத்துக்கொள்வது குறையும். மிலானில் நடக்கும் லீனியாபெல்லே மாதிரி தோல் கண்காட்சிக்கு நீங்கள் போகிறீர்கள் என்றால் இந்த வழிதான் சரி. அங்கே நீங்கள் விருந்தாளி, அவர்கள் வீட்டு வழக்கப்படி இருப்பதுதான் மரியாதை. ஒரே பையரை நம்பி முழு ஃபாக்டரியும் ஓடுகிறது என்றாலும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் மறைந்த செலவுகள் நிறைய. முதலாளி அழகாக மாறிவிடுவார், கீழே யாரும் மாறமாட்டார்கள். பையர் ஆபீஸ் அறையில் ஒரு கம்பெனியைப் பார்க்கிறார், ஃப்ளோரில் இன்னொன்றைப் பார்க்கிறார். இரண்டாவதைத்தான் நம்புவார். அடுத்தது, நீங்கள் அவர்கள் மாதிரி பேசப் பேச, அவர்கள் ஊர் சப்ளையரிடம் எதிர்பார்ப்பதையே உங்களிடமும் எதிர்பார்ப்பார்கள். திக்கித் திணறிப் பேசுகிறவருக்குக் கிடைக்கும் சலுகை சரளமாகப் பேசுகிறவருக்குக் கிடைக்காது. அப்புறம், எந்த நாட்டுக்காரர் மாதிரி மாறுவது? ஒரே சீசனில் இத்தாலிக்காரர், அமெரிக்கர், கொரியாக்காரர் என்று வந்தால் ஆளுக்கு ஒரு வேஷமா? பலர் செய்வது என்னவென்றால், 'ஃபாரினர்' என்ற ஒரு பொதுவான ஆளைக் கற்பனை செய்துகொண்டு அவருக்காக மாறுகிறார்கள். அப்படி ஒருவர் எந்த ஃபிளைட்டிலும் வந்து இறங்குவதில்லை.

## வழி 2: நாம் நாமாகவே இருப்பது

இதை நாட்டுப்புறத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

வாணியம்பாடியிலோ மேல்விஷாரத்திலோ பரம்பரையாகத் தோல் பதனிடும் டேனரி நடத்தும் பாய் ஒருவர் துபாய் வியாபாரியோடு உட்காருவதைப் பார்த்தால் புரியும். உருதுவில் நலம் விசாரிப்பு, டீ, பேரப்பிள்ளைகளின் படிப்பு, இன்னொரு டீ, நடுவில் தொழுகை, விலை கடைசியில்தான். இதில் மாற்ற எதுவும் இல்லை. நம் வழக்கமே அவர் வழக்கம். கான்பூர், கொல்கத்தா, ஆக்ரா வியாபாரிகளோடும் அப்படித்தான். உங்களிடம் மட்டுமே கிடைக்கும் ஒரு ரகத் தோலைத் தேடி ஒருவர் வருகிறார் என்றாலும் நீங்கள் நீங்களாகவே இருந்தால் போதும். விருந்து விஷயத்தில் சொல்லவே வேண்டாம். சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காயும் ஆம்பூருக்காரர் எவருக்காகவும் மாற்றத் தேவையில்லாத ஒன்று. காரத்தை மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொண்டால் போதும்.

சிக்கல் ஜெர்மன்காரர் வரும்போது ஆரம்பிக்கிறது. அவர் டெக்னீஷியன் லைனில் நடந்துகொண்டே குறை எழுதுவார். ஓரத்தில் பசை வழிகிறது, கண்ணி துளை நேராக இல்லை, இந்த மெஷினில் ஊசி மாற்றவில்லை. தொழிலாளிகள் காதில் விழும்படி, முதலாளி முகத்துக்கு நேராக, சிரிப்பே இல்லாமல் சொல்வார். முதலாளியின் முகம் செத்துவிடும். தன் இடத்தில், தன் ஆட்கள் முன்னால்! அதே ஆள் மதியம் பிரியாணியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே, உங்கள் மகன் என்ன படிக்கிறான் என்று விசாரிப்பார். அவருக்குப் பசை வழிந்தது பசை வழிந்தது மட்டும்தான். நமக்கு அது குடும்ப மானம். இதைத் தெரிந்துகொள்ளாமல் 'நான் இப்படித்தான்' என்று உட்கார்ந்தால், மதியத்துக்கு மேல் அவர் சொல்லும் எதுவும் காதில் ஏறாது. இந்த வழியின் பெரிய மறைந்த செலவு இதுதான். குறை சொல்வதை அவமானமாக எடுத்துக்கொண்டு, அதிலிருக்கும் தகவலைத் தவறவிடுகிறோம்.

இன்னொரு விஷயத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜெர்மன்காரர் பிடிவாதக்காரர் என்று நாம் சொல்வதில் பாதி அவர் குணமே இல்லை, அவர் ஊர்ச் சட்டம். 1989-ல் ஜெர்மனி பி.சி.பி. என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்தபோது இந்த வட்டாரத்துத் தோல் ஏற்றுமதி திண்டாடியது. பிறகு சில ஆசோ சாயங்களுக்கும் தடை வந்தது. 2015 மே 1 முதல் தோலில் குரோமியம் (VI) என்ற நச்சு வகை, ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டாலே ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. "கொஞ்சம்தானே சார் கூட இருக்கு, இந்த ஒரு தடவை" என்று டீ வாங்கிக் கொடுத்துப் பேசித் தீர்க்க இது வழக்கம் சம்பந்தப்பட்டதல்ல. லேப் ரிப்போர்ட் சம்பந்தப்பட்டது. பையரிடம் சலித்துக்கொள்ளும் முன், இது அவர் சுபாவமா, அவர் கழுத்தில் இருக்கும் சட்டமா என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

## வழி 3: நடுவில் ஆள் வைப்பது

இந்த மண்ணுக்குப் புதிதில்லை. நவாபுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடுவில் துபாஷிகளும் (மொழிபெயர்க்கும் தரகர்கள்) வட்டிக்காரர்களும் நின்ற ஊர் ஆற்காடு. நவாபின் கடன் விவகாரம் 1785-ல் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் எழுந்து பேசும் அளவுக்குப் போனது. நடுவில் நிற்கிறவர் இரண்டு பக்கத்து ரகசியமும் தெரிந்தவர் என்பதை மறக்க வேண்டாம். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

கமிஷன் எல்லோருக்கும் தெரிந்த செலவு. ஜோடி 20 டாலர், கமிஷன் 3 சதவீதம் என்று வைத்தால் 10,000 ஜோடிக்கு 6,000 டாலர். இதை நான் பெரிதாக நினைக்கவில்லை. முதல் சீசன், சின்ன ஆர்டர், மொழி சுத்தமாகத் தெரியாத நாடு, பணம் வசூலாகுமா என்ற சந்தேகம், இதில் எது இருந்தாலும் ஏஜென்ட் அந்தக் காசுக்குத் தகுந்தவர்தான். நல்ல ஏஜென்ட் நமக்குக் கோபம் வரும் மெயிலைத் தானே வாங்கிக்கொண்டு, செய்ய வேண்டியதை மட்டும் நமக்குச் சொல்வார்.

அதுவே இதன் ஓட்டையும். கடுமையை வடிகட்டும் அதே சல்லடையில் அவசரமும் நின்றுவிடும். பையர் "இது கடைசி எச்சரிக்கை" என்று எழுதியது நம்மிடம் "கொஞ்சம் கவனமா பண்ணுங்கண்ணே" என்று வந்து சேரும். நாம் "தோல் இன்னும் வரவில்லை" என்று சொன்னது அங்கே "வேலை நடந்துகொண்டிருக்கிறது" என்று போகும். பல வருஷம் கழித்து ஏஜென்ட் வேறு கம்பெனிக்குப் போகும்போது பையரும் கூடவே போய்விடுவார். ஏனென்றால் அவருக்குத் தெரிந்த முகம் ஏஜென்ட் முகம்தான். நம் ஃபாக்டரியில் யாரும் எதுவும் கற்றுக்கொள்ளாமலே அத்தனை வருஷம் போயிருக்கும்.

ஏஜென்ட் வைப்பதென்றால் ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: தரம், தேதி பற்றிய எல்லா மெயிலிலும் உங்கள் பெயரும் சேர்ந்திருக்க வேண்டும். ஒப்புக்கொள்ளாத ஏஜென்ட் வேண்டாம்.

## வழி 4: வேலை நடக்கும் இடத்தில் மட்டும் மாறுவது

என் ஓட்டு இதற்கு. ஆனால் 'பாதி மாறுவது' என்று சொல்லும்போது எந்தப் பாதி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் ஆட்கள் பெரும்பாலும் தப்பான பாதியை மாற்றுகிறார்கள். கோட்டு சூட்டு, சாப்பாட்டு மேஜை, அமெரிக்க உச்சரிப்பு எல்லாம் மாறும். தாமதத்தைச் சொல்லும் விதம் மட்டும் அப்படியே இருக்கும்.

உடை, உணவு, வெள்ளிக்கிழமை தொழுகை, பெரியவர் வந்தால் எழுந்து நிற்பது, இதெல்லாம் அப்படியே இருக்கட்டும். எந்த ஊர் பையரும் இதற்காக ஆர்டரை ரத்து செய்ததில்லை. மாற வேண்டியது, தேதி சொல்வதிலும், குறை கேட்பதிலும், கெட்ட செய்தி அனுப்புவதிலும்.

இதில் கடைசி ஒன்றை உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு ஃபாக்டரியில் சாய வித்தியாசத்தை முதலில் பார்க்கிறவர் யார்? முதலாளி இல்லை, மெர்ச்சண்டைசர் இல்லை. கட்டிங் டேபிளில் நிற்கும் பையன். "இன்னாண்ணா இது, இந்த லாட்டு கலரு தூக்கலா கீதே" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்வான். அவர் சூப்பர்வைசரிடம் "லேசா வித்தியாசம் தெரியற மாதிரி இருக்கு" என்பார். சூப்பர்வைசர் மேனேஜரிடம் "பெருசா ஒண்ணும் இல்ல சார், பார்த்துக்கறேன்" என்பார். மேனேஜர் முதலாளியிடம் சொல்லவே மாட்டார், அவருக்கு பி.பி. இருக்கிறது. மேலே போகப் போக மரியாதையில் செய்தி கரைந்துவிடுகிறது. திங்கட்கிழமை கட்டிங் டேபிளில் தெரிந்தது, பேக்கிங்கின்போது பையரின் தரப் பரிசோதகர் (கியூ.சி.) வாயிலிருந்து முதலாளிக்குத் தெரியவருகிறது.

ஆக, நமக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் இருக்கிற தூரம் என்று நாம் நினைப்பதில் பாதி, நம் கட்டிங் டேபிளுக்கும் நம் ஆபீஸ் அறைக்கும் நடுவில் இருக்கிறது. அதைக் குறைத்தால் எந்த நாட்டு பையருக்கும் அது உதவும். ஆளுக்கு ஒரு வேஷம் தேவையில்லை.

எப்படிக் குறைப்பது? சில இடங்களில் வேலை செய்து நான் பார்த்தது இது. கட்டிங்கில் ஒரு நோட்டு. சந்தேகம் வந்த லாட்டின் சின்னத் துண்டை அதில் ஸ்டேப்ளர் அடித்து, நேரம் போட்டு வைக்க வேண்டும். யாரும் யாரிடமும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை, மரியாதைப் பிரச்சினை எழாது. மெர்ச்சண்டைசர் தினம் மதியம் அந்த நோட்டைப் பார்க்க வேண்டும். பையருக்கு வாரம் ஒரு மெயில், குறித்த கிழமையில், நல்ல செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதில் வருத்தம் தெரிவிக்கும் வாக்கியங்கள் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்: "5,000 ஜோடியில் 600 ஜோடிக்கான தோலில் கலர் ஏறியிருக்கிறது. மாற்றுத் தோல் புதன்கிழமை வருகிறது. 4,400 ஜோடியை முதலில் அனுப்பலாம், அல்லது எல்லாவற்றையும் ஒரு வாரம் தள்ளலாம். எது வேண்டும்?" ஜப்பானிய பையருக்கும் இதே விஷயம்தான். ஆனால் மெயில் போகும் முன் அவர் கம்பெனியில் இருக்கும் ஜூனியரிடம் ஃபோனில் சொல்லிவிட வேண்டும். பத்துப் பேர் பார்க்கும் மெயிலில் முதல் முறையாகத் தெரிந்துகொள்வது அவருக்குத் தர்மசங்கடம்.

நேரக் கணக்கும் இதில் சேரும். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். நாம் மதியம் 3 மணிக்கு எழுதினால் அங்கே மாலை 6.30. ஜெர்மனி கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். காலையில் ஜப்பானுக்கு, மதியத்துக்கு மேல் ஐரோப்பாவுக்கு. ஆகஸ்ட் நடுவில் இத்தாலியில் யாரும் பதில் போடமாட்டார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். சீனப் புத்தாண்டுக்கு முன்னால், அங்கிருந்து வரும் சோல், பக்கிள் எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

இந்த வழிக்கும் விலை உண்டு. உண்மையை முன்னாலேயே சொன்னால் அதையே பிடித்துக்கொண்டு டிஸ்கவுண்ட் கேட்கும் பையர்கள் இருக்கிறார்கள். முதல் சீசனில் கொஞ்சம் இழப்பீர்கள். இதுவரை எல்லாம் சரி என்றே கேட்டுப் பழகிய பழைய பையர், திடீரென்று குறைகளாக வந்தால் ஃபாக்டரி கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கலாம். அவரிடம் முறையை மாற்றுகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நோட்டில் துண்டு ஒட்டியவனை ஒரே ஒரு முறை முதலாளி திட்டினால் போதும், அதற்குப் பிறகு அந்த நோட்டு காலியாகவே இருக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | வெளியே தெரியும் செலவு | மறைந்த செலவு | கெட்ட செய்தி | எப்போது சரி |
|---|---|---|---|---|
| முழுசாக மாறுவது | பயணம், பயிற்சி | ஆபீஸ் ஒரு முகம், ஃப்ளோர் ஒரு முகம் | முதலாளிக்குத் தெரிந்தால் போகும் | அவர்கள் ஊரில், அல்லது ஒரே பெரிய பையர் |
| மாறாமல் இருப்பது | இல்லை | குறையை அவமானமாக எடுப்பது | தாமதம் | வளைகுடா, உள்நாடு, உங்கள் தோலைத் தேடி வருபவர் |
| ஏஜென்ட் | கமிஷன் | நாம் எதையும் கற்காமல் போவது | வடிகட்டிப் போகும் | முதல் சீசன், தெரியாத மொழி |
| வேலையில் மட்டும் மாறுவது | நேரம் | ஆரம்பத்தில் டிஸ்கவுண்ட் | சீக்கிரம் | பல நாட்டு பையர்கள், தொடர் ஆர்டர் |

நாட்டுப் பெயரைச் சொல்லி எழுதியதெல்லாம் முதல் சந்திப்பு வரைக்கும்தான். சென்னையிலேயே பத்து வருஷம் இருந்த ஜெர்மன்காரர் நம்மைவிட நன்றாகச் சுற்றி வளைத்துப் பேசுவார்.

## காந்தி ரோட்டில் கணக்கு மாறும்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி, காந்தி ரோட்டில், லாட்ஜ், மெஸ், மருந்துக் கடை நடத்துகிறவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் நேர் எதிர்: முழுசாக மாறுங்கள்.

1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த இடத்துக்கு இன்று மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, பங்களாதேஷ் என்று ஆட்கள் வருகிறார்கள். ஷூ பையர் பணபலத்தோடு வருகிறார், இவர்கள் நோயோடு வருகிறார்கள். இங்கே புரிதல் பிசகினால் இழப்பு அவர்களுக்கு. அதனால் மாற வேண்டியது நாம்தான். அந்தத் தெருக்காரர்கள் இதை யாரும் சொல்லாமலே செய்துவிட்டார்கள். வங்காளத்தில் போர்டு, அறையிலேயே சமைத்துக்கொள்ள வசதி, கடையில் கடுகெண்ணெய். மாற்றத்தின் செலவும் குறைவு, ரிசப்ஷனில் வங்காளமோ இந்தியோ பேசும் ஒரு பையன் போதும்.

இங்கே மோசமான வழி, நடுவில் ஆள். காட்பாடி ஸ்டேஷனிலிருந்தே கூட்டிவரும் புரோக்கருக்குக் கொடுக்கும் கமிஷன் நோயாளியின் அறை வாடகையில்தான் ஏறும். அறையைப் பற்றி அவன் அங்கே என்ன சொல்லிக் கூட்டி வந்தான் என்பதும் உங்களுக்குத் தெரியாது. மாறக் கூடாத ஒரே இடம் சட்டம். பங்களாதேஷ்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். பாஸ்போர்ட் கேட்டதும் முகம் சுருங்குகிறவர்கள் உண்டு. எதற்காகக் கேட்கிறோம் என்று வங்காளத்தில் அச்சடித்து கவுன்டரில் ஒட்டிவைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

## யாருக்கு எது

நேரடி ஏற்றுமதி முதல் முறை என்றால் ஏஜென்ட், ஆனால் மெயிலில் உங்கள் பெயரோடு. இரண்டாவது சீசனிலிருந்து நான்காவது வழிக்கு மாறுங்கள். நல்ல ஏஜென்ட் அதற்குத் தடை போடமாட்டார்.

வளைகுடா வியாபாரம் மட்டும் செய்கிறவர் எதையும் மாற்ற வேண்டாம். பணத்துக்கு பேங்க் தரும் உத்தரவாதமான எல்.சி. காகிதங்களை மட்டும் பாசத்தில் விட்டுவிடாமல் எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். பேங்குக்கு உங்கள் இருபது வருஷப் பழக்கம் தெரியாது.

அப்பா ஒரு முறை, மகன் ஒரு முறை என்று இரண்டாக நிற்கும் குடும்பக் கம்பெனிகள் இங்கே நிறைய. பையரை வரவேற்பதும் விருந்தும் விலையும் பெரியவர் கையில் இருக்கட்டும், வார மெயில் மட்டும் மகன் கையில். இரண்டு பேரும் ஒரே மீட்டிங்கில் ஒரே விஷயத்துக்கு இரண்டு தேதி சொல்லாமல் இருந்தால் போதும்.

செய்யாறு, பனப்பாக்கம் பக்கம் வந்திருக்கும், வரப்போகும் தைவான் ஷூ கம்பெனிகளுக்கு உதிரி வேலை எடுக்க நினைக்கிறவர்களுக்கு வேறு வழியில்லை, முதல் வழிதான். அங்கே லைன் வேகம், ரிப்போர்ட், மீட்டிங் எல்லாம் அவர்கள் முறைப்படி ஓடும். அதற்கு நீங்கள் மட்டும் பழகினால் பிரயோஜனமில்லை, சூப்பர்வைசர்கள் பழக வேண்டும். உங்கள் ஆட்கள் இரண்டு பேரைச் சில வாரம் அவர்கள் லைனில் நிற்க வைக்க அனுமதி கேளுங்கள். விலை பேசும்போதே கேட்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கேட்டால் அந்தச் சில வாரச் சம்பளம் யார் கணக்கு என்பதிலேயே சீசன் போய்விடும்.